டாக் கமென்ட்டுக்கு மெய்ப்பு பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லைப்ரரியின் டாக் கமென்ட்களில் (நிரலுக்குள்ளேயே எழுதி, ஆவணப் பக்கமாக மாறும் விளக்கக் குறிப்புகளில்) பிழை திருத்தவேண்டும் என்றதும் பலர் எழுத்துப்பிழை காட்டும் கருவியை ஓடவிட்டு, அது தந்த பட்டியலைத் திருத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். 'மில்லிசெகண்ட்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'செகண்ட்' என்று இருந்தால், அதை நம்பி எழுதிய நிரல் ஆயிரம் மடங்கு தவறாக நடக்கும். மெய்ப்பு என்ற சொல்லில் மெய் முன்னால் நிற்கிறதே, இந்த வேலையின் வரிசையும் அதுதான். முதலில் உண்மை, அடுத்து பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்பது, கடைசியில் மொழி. இதைத் தலைகீழாகச் செய்தால், பத்து நிமிடம் செதுக்கிய வாக்கியம் பொய் என்று பிறகு தெரியவந்து அழிக்க நேரும்.

டாக் கமென்ட்டை மூன்று இடங்களில் வாசிக்கிறார்கள்: மூலக் கோப்பில், எடிட்டரில் சுட்டியை மேலே வைத்தால் எழும் சிறு பெட்டியில், ஜாவாடாக், ஸ்பிங்ஸ், டாக்ஸிஜன், ரஸ்ட்டாக் போன்ற கருவி உருவாக்கும் வலைப்பக்கத்தில். மூலக் கோப்பில் ஒழுங்காகத் தெரிவது பக்கத்தில் சிதறிக் கிடக்கலாம். கோப்பை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் பாதி வேலைதான் செய்கிறார்.

படி 1: தொடுவதற்கு முன்

எதையும் மாற்றாமல் ஆவணப் பக்கங்களை ஒருமுறை உருவாக்குங்கள். வந்த எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். வேலை முடிந்தபின் எந்த எச்சரிக்கை பழையது, எது உங்களால் வந்தது என்று பிரிக்க இது ஒன்றே வழி. ஜாவாவில் ஜேடிகே 8 (ஜாவாவின் கருவித்தொகுப்பு) முதல், டாக் கமென்ட்டைச் சோதிக்கும் டாக்லின்ட் உடன் வருகிறது. அதை முழுமையாக இயக்குங்கள். ஸ்பிங்ஸில் உடைந்த குறுக்குக் குறிப்புகளையும் காட்டும் கண்டிப்பு முறை உண்டு. அது இயல்பாக அணைந்திருக்கும், இயக்கிக்கொள்ள வேண்டும். டாக்ஸிஜனில் பாராமீட்டர் விளக்கம் விடுபட்டால் எச்சரிக்கும் அமைப்பும் அப்படியே அணைந்திருக்கும்.

அடுத்து, தொடக்கூடாத கோப்புகளை ஒதுக்குங்கள். உரிமக் குறிப்புகள், வெளியிலிருந்து அப்படியே சேர்த்த மற்றவர் நிரல், கருவி தானாக உருவாக்கிய கோப்புகள். மூன்றாவது வகைதான் ஏமாற்றும்: திருத்தினால் அடுத்த முறை உருவாக்கும்போது திருத்தம் காணாமல் போகும். அங்கே திருத்தவேண்டியது வார்ப்புருவை.

மூன்றாவதாக, அந்தத் திட்டத்தின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பைத்தானின் பெப் 257 என்ற வழிகாட்டு ஆவணம், டாக்ஸ்ட்ரிங்கின் (பைத்தானில் டாக் கமென்ட்டின் வேலையைச் செய்வது) முதல் வரியைக் கட்டளையாக எழுதச் சொல்கிறது: 'பட்டியலைத் தா' என்பது போல. ஜாவா வழக்கு நேர்மாறு: 'பட்டியலைத் தருகிறது' என்று படர்க்கையில் வரும். கோ மொழியில் வாக்கியம் எதைப் பற்றியதோ அதன் பெயரிலேயே தொடங்கும். ஒரு மொழியில் பழகியவர் இன்னொரு மொழியின் லைப்ரரிக்குள் போய் சரியாக இருப்பதையெல்லாம் 'திருத்துவது' அடிக்கடி நடக்கிற விபத்து. ஆங்கிலத்தில் 'கலர்' என்ற சொல்லைப் பிரிட்டிஷ் முறையில் எழுதுவதா அமெரிக்க முறையில் எழுதுவதா என்பதும் இப்படித்தான். ஏற்கெனவே எது பெரும்பான்மையோ அதைப் பின்பற்றுங்கள்.

ஓர் அமர்வில் ஒரு மாட்யூலுக்கு மேல் எடுக்கவேண்டாம். நாற்பது, ஐம்பது ஃபங்ஷனைத் தாண்டினால் கண் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத் தொடங்கும். வெளியார் பயன்படுத்தும் பொது இடைமுகத்தை முதலில் முடியுங்கள். உள் ஃபங்ஷன்கள் காத்திருக்கலாம்.

படி 2: கமென்ட்டை நிரலோடு ஒப்பிடுதல்

வேலையின் கனம் இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டு:

/**
 * கோப்பில் உள்ள எல்லா வரிகளையும் தருகிறது.
 * @பாரம் கோப்புப்பெயர் கோப்பின் பெயர்
 * @பாரம் எல்லை வரிகளின் எல்லை
 * @ரிட்டர்ன் வரிகள். கோப்பு இல்லாவிட்டால் நல்
 */
வரிகளைப்படி(பாதை, எல்லை = 100, காத்திரு = 30)

ஃபங்ஷனின் உடலை வாசித்தால் தெரிவது இது: 'எல்லை'யைத் தொட்டதும் வாசிப்பு நிற்கிறது, கோப்பு இல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் எழுகிறது, கோப்பு காலியாக இருந்தால் காலிப் பட்டியல் வருகிறது. 'காத்திரு' செகண்ட் கணக்கில் ஓடுகிறது.

மேலே உள்ள கமென்ட்டில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஐந்து பிழைகள் இருக்கின்றன. 'எல்லா வரிகளையும்' என்பது பொய். அதிகபட்சம் 100 வரிகள்தான், அதுவும் யாரும் கேட்காமலே. 'கோப்புப்பெயர்' என்ற பாராமீட்டர் இப்போது இல்லை. யாரோ 'பாதை' என்று பெயர் மாற்றியபோது கமென்ட்டை மறந்திருக்கிறார்கள். 'வரிகளின் எல்லை' என்பது பெயரையே திருப்பிச் சொல்கிறது. பூஜ்யம் கொடுத்தால் என்ன, எதிர்மறை எண் கொடுத்தால் என்ன என்று வாசிப்பவருக்குத் தெரியவில்லை. 'காத்திரு' பற்றிப் பேச்சே இல்லை. நல் (வெற்று மதிப்பு) ஒருபோதும் வருவதில்லை, அதற்குப் பதில் வரும் எக்ஸெப்ஷன் சொல்லப்படவில்லை. இந்த ஐந்தில் இரண்டைத்தான், அதாவது பெயர் பொருந்தாததையும் விடுபட்டதையும்தான், கருவிகள் பிடிக்கும். மற்ற மூன்றும் உடலை வாசிக்கும் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

ஒவ்வொரு ஃபங்ஷனிலும் இந்தக் கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். பாராமீட்டர்களின் பெயரும் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா? இயல்பு மதிப்பு கமென்ட்டிலும் நிரலிலும் ஒன்றுதானா? அளவுக்கு அலகு சொல்லப்பட்டிருக்கிறதா? வீச்சின் இரு முனைகளும் சேருமா? எதுவும் கிடைக்காதபோது என்ன வரும்: நல்லா, காலிப் பட்டியலா, -1-ஆ, எக்ஸெப்ஷனா? கொடுத்த பொருளையே மாற்றுகிறதா, நகலைத் தருகிறதா? ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் அழைக்கலாமா? சி மொழியானால், திரும்பி வரும் நினைவகத்தை விடுவிப்பது யார் பொறுப்பு?

அலகும் முனையும் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மொழிக்கு மொழி, சில சமயம் ஒரே மாட்யூலுக்குள்ளேயே, இவை மாறுகின்றன. பைத்தானின் ஸ்லீப் செகண்டில் தூங்கும். ஜாவாவின் த்ரெட் ஸ்லீப் மில்லிசெகண்டில். பைத்தானின் ரேண்டம் மாட்யூலில் ரேண்ட்இன்ட் மேல் முனையைச் சேர்த்துக்கொள்ளும், ரேண்ட்ரேஞ்ச் சேர்க்காது. ஜாவாவின் சப்ஸ்ட்ரிங் தொடக்க இடத்தைச் சேர்க்கும், முடிவிடத்தைச் சேர்க்காது. ஒன்றைப் பழகியவர் மற்றதிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார். அவரைத் தடுக்க கமென்ட்டில் 'இதைச் சேர்த்து', 'இதற்கு முன்புவரை' என்ற இரண்டு சொற்கள் போதும்.

கமென்ட்டும் நிரலும் முரண்பட்டால் தவறு எதில்? கமென்ட்டில்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவுசெய்யாதீர்கள். டாக் கமென்ட் பயனருக்குக் கொடுத்த வாக்கு. நிரல்தான் வாக்குத் தவறியிருக்கலாம். யூனிட் டெஸ்ட் எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். கிட் வரலாற்றில் அந்த இரண்டு வரிகளும் எப்போது, எதற்காக மாறின என்று பாருங்கள். வெளியீட்டுக் குறிப்புகளில் தேடுங்கள். நிரல் பிறகு தெரியாமல் மாறியிருந்தால் அது நிரல் பிழை; கமென்ட்டைத் திருத்தினால் அந்தப் பிழையைச் சட்டபூர்வமாக்கிவிடுகிறீர்கள். அதைத் தனி இஷ்யூவாகப் பதிந்துவிட்டு, கமென்ட்டை அப்படியே விட்டு நகருங்கள்.

நகலெடுத்து ஒட்டியதால் வரும் பிழைகளுக்கு ஒரு தனிச் சுற்று தேவை. குறைந்தபட்சம்–அதிகபட்சம், தொடக்கம்–முடிவு, சேர்–நீக்கு, குறியாக்கு–குறிவிலக்கு என்று ஜோடியாக வரும் ஃபங்ஷன்களை அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். ஒன்றின் கமென்ட்டை மற்றதில் ஒட்டி, ஒரு சொல்லை மாற்ற மறந்திருப்பார்கள். கமென்ட் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, திரும்ப வரும் வரிகளைப் பட்டியலிட்டால் சந்தேகத்துக்குரிய இடங்கள் சில நிமிடங்களில் கைக்கு வரும்.

முதல் வாக்கியம்

இதற்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். பட்டியல் பக்கத்திலும் தேடல் முடிவிலும் சுருக்கமாகத் தெரிவது இந்த ஒன்றுதான். ஜாவாடாக், முற்றுப்புள்ளியும் அதை அடுத்து இடைவெளியும் வரும் முதல் இடத்தில் வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஈ.ஜி.', 'ஐ.ஈ.' போன்ற சுருக்கங்களை முதல் வாக்கியத்தில் எழுதினால், சுருக்கம் அங்கேயே வெட்டுப்பட்டு அந்தரத்தில் தொங்கும். சுருக்கத்தை விரித்து எழுதிவிடுவது எளிது. ஜேடிகே 10 முதல் சுருக்கத்தின் எல்லையை நாமே குறிக்க 'சம்மரி' என்ற உள்வரி டேக்கும் இருக்கிறது.

'இந்த ஃபங்ஷன் என்ன செய்கிறதென்றால்' என்று தொடங்கும் முன்னுரையை வெட்டுங்கள். ஃபங்ஷனின் பெயரையே சொற்களாகப் பிரித்து எழுதிய வாக்கியம் எதையும் சொல்வதில்லை; 'பயனர் எண்ணைப் பெறு' என்ற ஃபங்ஷனுக்கு 'பயனர் எண்ணைப் பெறுகிறது' என்ற விளக்கம் இருந்தால், எந்த எண், எங்கிருந்து, உள்நுழையாதபோது என்ன வரும் என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் நீட்டவேண்டாம்.

படி 3: பக்கத்தில் எப்படித் தெரிகிறது

உருவாக்கிய பக்கத்தை உலாவியில் திறந்து, கோப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேடவேண்டியவை மொழிக்கு மொழி வேறு.

முதலில், கமென்ட் பக்கத்துக்கு வந்ததா? ஜாவாவில் /** என்று இரண்டு நட்சத்திரம் வேண்டும். ஒன்றே இருந்தால் அது சாதாரணக் கமென்ட், பக்கத்தில் வராது. ரஸ்ட்டில் மூன்று சாய்கோடு, இரண்டல்ல. கோ மொழியில் கமென்ட்டுக்கும் அறிவிப்புக்கும் நடுவில் ஒரு காலி வரி விழுந்தாலே தொடர்பு அறுந்துவிடும். மூலக் கோப்பில் மூன்றுமே கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

ஜாவாடாக் கமென்ட்டின் அடிப்படை எச்டிஎம்எல் (ஜேடிகே 23 முதல் மூன்று சாய்கோட்டில் தொடங்கும் மார்க்டவுன் கமென்ட்டும் எழுதலாம்). ஆகவே கூர் அடைப்புக்குள் வரும் ஜெனரிக் வகை, 'கோட்' டேக்குக்குள் இல்லையென்றால், எச்டிஎம்எல் டேகாகக் கருதப்பட்டுக் காணாமல் போகும் அல்லது டாக்லின்ட் பிழை தரும். கோப்புத் தேடல் வடிவமோ கால அட்டவணை வடிவமோ எழுதும்போது */ என்ற ஜோடி உள்ளே வந்துவிட்டால் கமென்ட் அங்கேயே முடிந்து, மீதி வரிகள் நிரலாகிவிடும். இன்னொரு வினோதம்: ஜாவா கம்பைலர் யூனிகோட் தப்பிப்புக் குறிகளைக் கமென்ட்டுக்குள்ளும் படிக்கும். விண்டோஸ் கோப்புறைப் பாதையில் எதிர்ச்சாய்கோட்டை அடுத்து சிறிய 'யூ' எழுத்து வந்தால், வெறும் கமென்ட்டுக்காகக் கம்பைல் தோற்கும்.

பைத்தான் டாக்ஸ்ட்ரிங் கமென்ட்டே அல்ல, ஒரு ஸ்ட்ரிங். அதனால் எதிர்ச்சாய்கோடும் 'என்' எழுத்தும் சேர்ந்தால் உண்மையான வரி முறிவாகும். கணிதக் குறியில் 'ஆல்ஃபா' என்று எழுதப்போய் அதன் முதல் எழுத்து மணியொலிக் குறியாகும். இப்படிப்பட்ட டாக்ஸ்ட்ரிங்குக்கு முன்னால் 'ஆர்' எழுத்தைச் சேர்த்து அதை ரா ஸ்ட்ரிங் ஆக்குங்கள். பொருந்தாத தப்பிப்புக் குறிகளுக்குப் பைத்தான் 3.12 முதல் கண்ணில் படும்படி சின்டாக்ஸ் எச்சரிக்கை தருகிறது.

ஸ்பிங்ஸ் இயல்பாகப் படிப்பது ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட். அங்கே மார்க்டவுன் கைப்பழக்கம் கெடுத்துவிடும். நிரல் துண்டுக்கு இரண்டு பின்சாய்வு மேற்கோள் வேண்டும். ஒன்று போட்டால் அது பெரும்பாலும் சாய்வெழுத்தாகத் தெரியும், நிரலாகத் தெரியாது. பட்டியலுக்கு முன் காலி வரி விடாவிட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒரே பத்தியில் ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரத்தோடு எழுதும் 'ஆர்க்ஸ்' பாராமீட்டரை நிரல் குறிக்குள் வைக்காவிட்டால், முடிவில்லாத சாய்வெழுத்தின் தொடக்கம் என்று கருவி புகார் செய்யும்.

ரஸ்ட்டில் வேலியிட்ட நிரல் துண்டுக்கு மொழிப் பெயர் கொடுக்காவிட்டால் அது ரஸ்ட் என்றே கொள்ளப்பட்டு, டெஸ்டாக ஓடவும் செய்யும். வெறும் வெளியீட்டு உரையை அப்படி விட்டால் டெஸ்ட் தோற்கும். 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள். நான்கு இடைவெளி உள்ளே தள்ளிய பத்திக்கும் இதே கதி. டாக்ஸிஜனில் @ அல்லது எதிர்ச்சாய்கோட்டில் தொடங்கும் சொல் கட்டளையாகப் பார்க்கப்படும். சாதாரணச் சொல் ஒன்று கிளாஸ் பெயராக இருந்துவிட்டால் தானாக இணைப்பு விழும், அதைத் தடுக்க முன்னால் % போடவேண்டும்.

சி, சி++ இரண்டிலும் ஒரு பழைய பொறி உண்டு. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் கமென்ட் வரி எதிர்ச்சாய்கோட்டில் முடிந்தால், அடுத்த வரியும் கமென்ட்டோடு சேர்ந்துவிடும். அந்த அடுத்த வரி நிரலாக இருந்தால் அது சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

படி 4: எடுத்துக்காட்டுகளை ஓட்டுங்கள்

பலர் விளக்கத்தைத் தாண்டி நேராக எடுத்துக்காட்டை நகலெடுப்பார்கள். அதைக் கண்ணால் சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல.

பைத்தானில் டாக்டெஸ்ட் மாட்யூல் உடனேயே வருகிறது. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆகவே செட்டின் வரிசை, நினைவக முகவரி, நேரம் ஆகியவற்றை அச்சிடும் எடுத்துக்காட்டு ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும். செட்டை வரிசைப்படுத்தி அச்சிடுங்கள். முகவரி இருக்கும் இடத்தில் எலிப்சிஸ் விருப்பத்தை இயக்கி மூன்று புள்ளி வையுங்கள். ரஸ்ட்டில் 'கார்கோ டெஸ்ட்' கட்டளை, கமென்ட்டில் உள்ள துண்டுகளையும் ஓட்டும். வலைத்தொடர்பு தேவைப்படும் துண்டுக்கு 'நோ ரன்' என்று குறித்தால் கம்பைல் மட்டும் ஆகும். 'இக்னோர்' என்று குறித்தவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள்: தோற்ற டெஸ்டை வாயடைக்க யாரோ போட்டதாக இருக்கலாம். கோ மொழியில் எடுத்துக்காட்டு ஃபங்ஷனின் கடைசியில் எதிர்பார்க்கும் வெளியீடு கமென்ட்டாக இல்லையென்றால், அது கம்பைல் ஆகும், ஓடாது.

இப்படி வசதி இல்லாத மொழியில் துண்டை வெறும் கோப்பில் ஒட்டி ஓட்டுங்கள். இரண்டு குறைகள் அடிக்கடி வெளிப்படும்: இம்போர்ட் வரி விடுபட்டிருக்கும், லைப்ரரியின் பழைய பதிப்பில் இருந்த ஃபங்ஷன் பெயர் அப்படியே நின்றிருக்கும்.

இணைப்புகளையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடலாம். ஸ்பிங்ஸில் வெளி இணைப்புகளைச் சோதிக்கும் லிங்க்செக் இருக்கிறது. ரஸ்ட்டாக் உடைந்த உள்ளிணைப்புகளைத் தானே எச்சரிக்கும். கருவி பிடிக்காத ஒன்று: இணைப்பு வேலை செய்யும், ஆனால் ஏதோ ஒரு கோப்பின் குறிப்பிட்ட வரி எண்ணுக்குப் போகும். அந்தக் கோப்பு மாறிக்கொண்டே இருக்கும். இணைப்பைக் குறிப்பிட்ட கமிட்டோடு கட்டுங்கள்.

படி 5: மொழி

இப்போதுதான் எழுத்துப்பிழைக் கருவி. இரண்டு வகை உண்டு, இரண்டும் வேறு வேறு மீன் பிடிக்கும் வலைகள். கோட்ஸ்பெல் அகராதி பார்ப்பதில்லை. பரவலாகச் செய்யப்படும் பிழைகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. 'செபரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்காவது எழுத்தை 'ஏ'க்குப் பதில் 'ஈ' என்று அடிப்பது போன்றவை உடனே மாட்டும், வீண் எச்சரிக்கை குறைவு. பட்டியலில் இல்லாத பிழை தப்பும். சிஸ்பெல் அகராதியை வைத்துப் பார்க்கிறது. ஒட்டி எழுதிய பெயர்களைப் பெரிய எழுத்து வரும் இடத்தில் பிரித்தும் சோதிக்கிறது. தெரியாத சொல்லையெல்லாம் சுட்டுவதால் திட்டத்துக்கென ஒரு சொற்பட்டியல் தேவைப்படும். முதலில் கோட்ஸ்பெல், பிறகு சிஸ்பெல் என்று போவது அலுப்பைக் குறைக்கும்.

தானாகத் திருத்தும் விருப்பத்தை இயக்கவேண்டாம். கருவிக்குக் கமென்ட்டும் நிரலும் ஒன்றே. ஃபங்ஷன் பெயர், டெஸ்ட் தரவு, வலைவழி போகும் புலப்பெயர் எல்லாவற்றையும் திருத்திவிடும். எச்டிடிபியின் 'ரெஃபரர்' ஹெடரில் ஓர் 'ஆர்' குறைந்த பிழை 1996-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே பதிவாகி இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதைத் 'திருத்தினால்' சர்வருக்குப் புரியாது. பொது இடைமுகத்தில் உள்ள பெயர் பிழையாக இருந்தாலும் அது பெயர்தான். கமென்ட்டிலும் அதே பிழையோடுதான் குறிக்கவேண்டும்.

கருவி பிடிக்காத பிழைகளில் மிகக் கொடியது ஓர் எழுத்துப் பிழை. ஆங்கிலத்தில் 'நாட்' என்பதன் கடைசி எழுத்து மாறினால் 'நவ்' ஆகிவிடும்: 'த்ரெட் பாதுகாப்பு இல்லை' என்ற வாக்கியம் 'இப்போது த்ரெட் பாதுகாப்பு உண்டு' என்று மாறும். இரண்டும் சரியான சொற்கள், எந்த அகராதியும் முணுமுணுக்காது. எதிர்மறை வரும் வாக்கியங்களை நிரலோடு இரண்டாம் முறை ஒப்பிடுங்கள். வரி முடிவில் ஆங்கிலத்தின் 'த' (the) ஒன்று, அடுத்த வரித் தொடக்கத்தில் இன்னொரு 'த' என்று சொல் இரட்டிப்பதும் நடக்கும். நடுவில் நட்சத்திரக் குறி இருப்பதால் கண்ணும் தாண்டும், சாதாரணத் தேடலும் தாண்டும்.

ஆங்கிலக் கமென்ட்களில் 'மே' (may) என்ற துணைவினையை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி வாசியுங்கள். 'நல் தரலாம்' என்பது அனுமதியா, வாய்ப்பா? அதன் எதிர்மறை இன்னும் மோசம்: 'கூடாது' என்றும் படிக்கலாம், 'நடக்காமல் போகலாம்' என்றும் படிக்கலாம். வாய்ப்பு என்றால் 'எப்போது' என்று எழுதுங்கள். தடை என்றால் 'மஸ்ட் நாட்' என்று எழுதுங்கள். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 இந்தச் சொற்களுக்கே வரையறை கொடுத்திருக்கிறது. ஒரு செயலுக்கு ஒரே சொல்லை வையுங்கள். ஒரு பக்கத்தில் 'நீக்கு', அடுத்ததில் 'அழி' என்றால் இரண்டும் வேறு வேறு செயலோ என்று வாசிப்பவர் தேடுவார். அழைப்பில் கொடுப்பது ஆர்க்யுமென்ட், வரையறையில் இருப்பது பாராமீட்டர். 'தற்போது', 'புதிய', 'விரைவில்' ஆகியவற்றுக்குப் பதில் பதிப்பு எண் போடுங்கள். 'எளிதாக' என்பதை அழித்துவிடுங்கள், எளிதாக இருந்தால் அவர் ஆவணத்தைத் தேடி வந்திருக்கமாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளுக்கும் ஒரு தேடல் ஓட்டுங்கள். சொற்செயலியிலிருந்து ஒட்டியதால் வந்த வளைந்த மேற்கோள் குறி, முறியாத இடைவெளி, பூஜ்ய அகல எழுத்து எல்லாம் எடுத்துக்காட்டு நிரலை உடைக்கும். வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கான திசைக் குறிகளைக் கமென்ட்டில் ஒளித்து, கண்ணுக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றுமாக நிரலைக் காட்டமுடியும் என்பது 2021-இல் வெளியானது. அப்படி ஒன்று கிடைத்தால் அது பாதுகாப்பு விஷயம், பிழைதிருத்தமாக ஓரமாய் நுழைக்காதீர்கள். தமிழில் எழுதிய கமென்ட்டில் 'கொ' என்ற எழுத்தின் குறி ஒரே யூனிகோட் எழுத்தாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு வேறுபாடில்லை, தேடலில் மட்டும் கிடைக்காது. முழுக் கோப்பையும், இப்படிப் பிரிந்தவற்றை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும்.

படி 6: 'வெறும் கமென்ட்தானே' என்பது எங்கே பொய்க்கும்

கமென்ட்டை மாற்றினால் நிரல் மாறாது என்ற நம்பிக்கைக்கு விலக்குகள் பல. பைத்தானில் டாக்காப்ட் என்ற லைப்ரரி, டாக்ஸ்ட்ரிங்கைப் படித்தே கட்டளைவரி இடைமுகத்தைக் கட்டுகிறது. பிஎல்ஒய் என்ற இன்னொரு லைப்ரரி, இலக்கண விதிகளை டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுக்கிறது. அங்கே ஒரு புள்ளியைத் 'திருத்துவது' நிரலையே திருத்துவது. ரஸ்ட்டில் கிளாப் லைப்ரரி டாக் கமென்ட்டை உதவி உரையாக அச்சிடுகிறது. பிஎச்பியில் பழைய டாக்ட்ரின் அனோடேஷன்கள் கமென்ட்டுக்குள்தான் குடியிருந்தன. கோ மொழியில், கருவிக்குக் கட்டளை சொல்லும் கமென்ட்டின் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் அழகுக்காக ஓர் இடைவெளி விட்டால் கட்டளை செத்துவிடும். ஜிசிசி 7 முதல், ஸ்விட்ச் கிளை அடுத்ததற்குள் விழுவதைப் பற்றிய எச்சரிக்கையைக் குறிப்பிட்ட வாசகமுள்ள கமென்ட் அடக்குகிறது. வாசகத்தை மெருகேற்றினால் எச்சரிக்கை திரும்ப வரும். லின்ட் கருவிகளை அடக்கும் குறிப்புகளும் இப்படித்தான்.

மாற்றம் கமென்ட்டில் மட்டும்தான் என்பதைக் கண்ணால் அல்ல, கருவியால் நிறுவுங்கள். ஜாவாவில் பிழைநீக்கத் தகவல் இல்லாமல் முன்னும் பின்னும் கம்பைல் செய்து கிளாஸ் கோப்புகளை ஒப்பிடலாம். வரி எண்கள் சேர்ந்தால் தேவையில்லாத வேறுபாடு காட்டும். பைத்தானில் டாக்ஸ்ட்ரிங்குகளை நீக்கியபின் இரு பக்கத்துச் சின்டாக்ஸ் மரங்களையும் ஒப்பிடுங்கள். பிறகு முழு டெஸ்டையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

படி 7: அனுப்புதல்

எழுத்துப்பிழைத் திருத்தங்கள் ஒரு கமிட், உண்மைத் திருத்தங்கள் தனிக் கமிட். முதலாவதைப் பராமரிப்பாளர் ஓட்டமாகப் பார்த்து ஏற்பார். இரண்டாவதற்கு அவர் நிரலைத் திறக்கவேண்டும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கொடுங்கள்: எந்த வரி அல்லது எந்த டெஸ்ட் அதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியம். இரண்டையும் கலந்து அறுபது கோப்பு மாறிய ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பினால், அது பல மாதம் கிடந்து, மோதல்கள் சேர்ந்து, கடைசியில் மூடப்படும்.

ஒரு சொல்லைத் திருத்துவதற்காக முழுப் பத்தியையும் மறுபடி வரி மடிக்காதீர்கள். எட்டு வரி மாறியதாகத் தெரியும், மாறிய ஒரு சொல்லைத் தேடவேண்டி வரும். உங்கள் எடிட்டர் வரிக்கடை இடைவெளிகளை நீக்குகிறதா, வரி முடிவுக் குறியை மாற்றுகிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். கிட்டில் சொல் வாரியாக வேறுபாடு காட்டும் முறையில் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். நீங்கள் புதிதாகச் செய்த பிழை அங்கேதான் சிக்கும்.

ஆவணம் மொழிபெயர்க்கப்படும் திட்டமானால் இன்னொரு கணக்கும் உண்டு. கெட்டெக்ஸ்ட் முறையில் மூல வாக்கியமே சாவி. ஒரு காற்புள்ளி மாறினாலும் எல்லா மொழிகளிலும் அந்த வாக்கியத்தின் மொழிபெயர்ப்பு 'சந்தேகத்துக்குரியது' என்று குறிக்கப்பட்டு, மறுபடி ஒருவர் பார்க்கும்வரை மூல மொழியிலேயே தெரியக்கூடும். பொருள் மாறாத, ரசனை சார்ந்த திருத்தங்களை அங்கே விட்டுவிடுவது நல்லது.

ஏற்கப்பட்டபின், படி 1-இல் சேமித்த எச்சரிக்கைப் பட்டியலை எடுத்து, ஒரு மாட்யூலில் பூஜ்யமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அந்த மாட்யூலுக்கு மட்டும் ஆவண எச்சரிக்கையைப் பிழையாகக் கருதும் சோதனையைத் தொடர் ஒருங்கிணைப்பில் சேர்க்கலாம். முழுத் திட்டத்துக்கும் ஒரே நாளில் போட்டால், மறுநாள் யாராவது அதை அணைத்துவிடுவார்கள்.